சுண்ணாம்பு தடவாத கலயம்

தாஜுதீன் பாய் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் கால் நடந்துகொண்டுதான் இருக்கும். முக்காலியில் அமர்ந்து தேங்காய் துருவினாலும் சரி, பள்ளிவாசலில் பயான் கேட்டாலும் சரி, வலது முட்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நத்தர்ஷா தர்காவுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் அவருக்குத் தையல் மிஷின் என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை. நான் ஒரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மனைவி ஷரீபாக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதோடு திருந்தினேன்.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே இஞ்சி தட்டினால் இங்கே கேட்கும். என் வீட்டுக்காரர் உறையூருக்குச் சுருட்டு சுற்றப் போய்விட்டால் பொழுது சாயும்வரை எனக்கு வேலை கிடையாது. இருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் நான் கிடையாது. கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு அக்காவின் கொட்டகைக்குப் போய் வாழையிலை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, கொஞ்சம் சுவர் வழியே கேட்டது, மிச்சம் அக்கா சொன்னது.

பாய் பத்து வருஷம் மணிலாவில் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். எங்களுக்கு மணிலா என்றால் வறுத்துத் தின்கிற கொட்டைதான். அந்தப் பெயரில் ஒரு ஊர் கடலுக்கு நடுவே இருக்கிறது என்பதே அவர் வந்த பிறகுதான் தெரியும். முப்பத்தேழில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் அக்கா ரோஷன் பேகம் ஆறே மாதத்தில் ஷரீபாவைப் பார்த்து நிக்காஹ் முடித்துவைத்தார். கால்கட்டுப் போட்டால் திரும்பப் போகமாட்டான் என்று கணக்கு. கால்கட்டு விழுந்தது, கால்தான் நிற்கவில்லை. தகரப் பெட்டியில் இருந்த துணிகளை அவர் வெளியே எடுத்து அடுக்கவே இல்லை. வேண்டியதை எடுத்து உடுத்துவார், துவைத்ததும் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைப்பார். ஷரீபாக்கா வாங்கிவைத்த மர அலமாரியில் முட்டைதான் அடுக்கியிருந்தது.

அவர் அங்கே கற்றுவந்த பண்டத்துக்குப் பிபிங்கா என்று பெயராம். அந்தப் பெயரில் விற்றால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று ஷரீபாக்காதான் மணிலா அப்பம் என்று மாற்றியது. மண்ணச்சநல்லூர் மில் பச்சரிசியை ஊறவைத்து, கல்லுரலில் நைஸாக அரைத்து, தேங்காய்ப்பால், வாத்து முட்டை, சர்க்கரை சேர்த்துக் கலக்க வேண்டும். மண்சட்டிக்குள் வாழையிலையை வாட்டி விரித்து மாவை ஊற்ற வேண்டும். அடியில் கங்கு. மேலே தகரத் தட்டு போட்டு அதன்மேலும் கங்கு. பாதி வெந்ததும் தட்டைக் கிடுக்கியால் தூக்கி, உப்பு முட்டையில் இரண்டு வில்லை வைத்து மறுபடி மூட வேண்டும். உப்பு முட்டை என்றால் களிமண்ணும் உப்பும் குழைத்து வாத்து முட்டைமேல் அப்பிப் பதினெட்டு நாள் பானைக்குள் வைத்தது. வெந்து இறங்கியதும் வெண்ணெய் தடவித் தேங்காய்ப்பூ தூவினால் முடிந்தது. இனிப்புக்கு நடுவே உப்பு தட்டுப்படும்போது முதல்முறை சாப்பிடுகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டாவது முறை அந்த வில்லை இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

தை மாதம் ராசவள்ளிக் கிழங்கு கிடைக்கும்போது ஊதா நிறத்தில் ஒரு பதார்த்தம் கிண்டி அதையும் வைத்துச் சுடுவார்கள். மற்ற மாதங்களில் அப்பம் மட்டும்தான். கொல்லைக் கொட்டகையில் எட்டு அடுப்பு. பகல் மூன்று மணிக்கு நெருப்பு மூட்டினால் அஸர் தொழுகை விட்டு ஜனங்கள் வரும்போது முதல் ஈடு தயாராக இருக்கும். பெரியகடை வீதி ஜவுளிக்கடை ஆட்கள், தெப்பக்குளம் பக்கத்து வாத்தியார்கள், மலைக்கோட்டைக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் என்று வாசலில் கூட்டம் நிற்கும். ஐந்து மணிக்குச் சட்டி காலி.

முதல் ஈட்டில் முதல் அப்பம் பாய்க்கு. விற்பனைக்கு முன்னால் அவர் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். நின்றுகொண்டே ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, கொட்டகைக் கீற்றைப் பார்த்துக்கொண்டு மெல்லுவார். அக்கா கிடுக்கியைக் கையில் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"நல்லாருக்கு. ஆனா வரல. ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"தெரியல ஷரீபா."

மூன்று வருஷமாக இதே பேச்சுதான். அக்கா ஏலக்காய் போட்டுப் பார்த்தது, பழைய வெல்லம் போட்டுப் பார்த்தது, வெண்ணெய்க்குப் பதில் நெய் தடவியது, விறகுக் கங்கை விட்டுக் கொட்டாங்கச்சிக் கங்குக்கு மாறியது. ஊரே சப்புக்கொட்டித் தின்றது. வீட்டு ஆள் ஒருவருக்கு மட்டும் வரவில்லை.

"ஊருக்குப் பிடிச்சா போதாதாக்கா? பாய் சொல்றதயே ஏன் பிடிச்சுத் தொங்குறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க மனசு அந்த ருசிக்குத்தான் ஓடுது பவுனு. அது இங்கயே கெடச்சுட்டா எதுக்கு ஓடணும்?"

"அப்பத்துக்காக யாராச்சும் கப்பலேறுவாங்களா?"

"உனக்கென்ன தெரியும்? எங்கத்தா பினாங்குல இருந்து வந்து ஆறு மாசம் அந்த ஊரு காப்பியப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு. இங்க போட்டுக் குடுத்த காப்பி ஒண்ணும் வாய்க்கு ஏறல. திரும்பிப் போனவருதான். எங்கம்மா வாசல்ல நின்னு நின்னே போய்ச் சேந்துச்சு." இலையை என் கையிலிருந்து பிடுங்கி வாட்டத் தொடங்கியது. "நான் வாசல்ல நிக்க மாட்டேன். என்ன குறையுதுன்னு கண்டுபிடிச்சு இங்கயே உக்கார வெச்சுருவேன்."

பாய் ஒவ்வொரு மாலையும் வியாபாரம் முடிந்ததும் ஜங்ஷனுக்கு நடந்துபோவார். கப்பல் ஏறுகிற நாகப்பட்டினத்துக்குப் போகிற ரயில் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். யாரையும் அனுப்பப் போவதில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. ரயில் போனதும் கொஞ்சநேரம் நிற்பாராம். அவர் திரும்பிவரும்வரை அக்கா சட்டிகளைத் தேவைக்குமேல் தேய்த்துக் கழுவும். தேய்த்துத் தேய்த்தே இரண்டு சட்டி ஓட்டையானது எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் காற்று பேய்த்தனமாக அடித்தது. தகரத் தட்டில் வைத்த கங்கு பறந்து கொட்டகைக் கீற்றில் விழும். ஒருத்தர் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டே இருக்க வேண்டும், அது என் உத்தியோகம். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இலைக்காரி பொன்னுத்தாய் பாலத்தின் வழியே இலைக்கட்டைச் சுமந்து வருவதற்குள் காற்றில் பாதி இலை கிழிந்துவிடும். அவள் ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம் மேலூர்க்காரி. புருஷன் மருதை தென்னை மரம் ஏறுகிறவன்.

கிழிந்த இலைக்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக அவள் கேட்டாள்.

"ஏக்கா, மாவு பொங்கறதுக்கு என்ன போடுறீங்க?"

"ஆப்பச் சோடாதான்."

"சோடாவா? எங்க பக்கம் ஆப்பத்துக்குப் பதநீ ஊத்துவோம்க்கா. தென்னம்பதநீ. பூவாட்டம் பொங்கும். வாசனையே வேற."

அக்காவின் கை நின்றது. "தென்னைன்னா... கள்ளு இல்ல அது?"

"ஐய, கள்ளு வேற, பதநீ வேற. கலயத்துல சுண்ணாம்பு தடவி இறக்கினா பதநீ. கைக்கொழந்தைக்கும் குடுக்கலாம்."

"சுண்ணாம்பா?" அக்கா யோசித்தது. "சுண்ணாம்பு பட்டா மாவு மஞ்சப் பூத்துரும். வெந்தா வரட்டி மாதிரி ஆயிரும். நீ ஒண்ணு பண்ணு, சுண்ணாம்பு தடவாம இறக்கிக் கொண்டா."

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

"சுண்ணாம்பு இல்லாமலாக்கா?"

"ஆமா. சுத்தமா இருக்கணும். ஒரு பொட்டு சுண்ணாம்பு இருக்கக் கூடாது."

"பாய்க்குத் தெரியுமா?"

"தெரியவே கூடாது. அவங்க வாயில வெக்கிறப்பதான் தெரியணும்."

"கொண்டாரேன்க்கா. அதுக்கென்ன," என்று அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள். படல்வரை வந்த என்னிடம், "ஏன் பவுனு, இந்த வீட்லயுமா?" என்றாள். நான், "நமக்கெதுக்குடி" என்றேன்.

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது வெயில் ஏறுவதற்குள் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். என் பிறந்த வீட்டுத் தோட்டத்திலேயே மரம் ஏறுவார்கள். அக்காவுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்துதான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பாதிப் பொய். என்ன ஆகிறது பார்ப்போம் என்றும் ஒரு குறுகுறுப்பு இருந்தது.

மறுநாள் காலை இலைக்கட்டுக்கு நடுவே ஈரத்துணி சுற்றிய கலயம் வந்தது. அக்கா துணியை விலக்கி முகர்ந்து பார்த்தது.

"என்னடி இது, பழம் அழுகின மாதிரி புளிச்ச வாசனை அடிக்குது?"

"அது அப்படித்தான்க்கா இருக்கும்."

கள்ளுக்கடை இருக்கிற தெருவையே மிதித்திராத பெண்பிள்ளை அது. தென்னை வாசனை போலிருக்கிறது என்று நம்பி மாவில் ஊற்றிக் கலக்கி, துணியால் வேடு கட்டி வைத்தது. மத்தியானம் திறந்தபோது மாவு விளிம்புவரை ஏறி, உச்சியெல்லாம் சின்னச்சின்னக் கண்ணாக வெடித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாரேன் பவுனு! சோடாவுக்கு என்னிக்காவது இப்படிப் பொங்கியிருக்கா?"

பாய் காந்தி மார்க்கெட்டுக்குத் தேங்காய் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பும்போது எட்டுச் சட்டியும் அடுப்பில் இருந்தன. கொல்லை வாசலில் கால் வைத்தவர் அங்கேயே நின்றார். தேங்காய் மூட்டை தோளிலேயே இருந்தது. காற்று கொட்டகைப் பக்கமிருந்து அவர் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா முதல் சட்டியை இறக்கி, இலையோடு தூக்கி, வெண்ணெய் தடவி நீட்டியது. அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வாங்கினார். பிய்த்தார். மென்றார். கீற்றைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் இன்னொரு வாய் பிய்த்தார்.

"வந்துருச்சா?" அக்கா ஒரு எட்டு கிட்டே வந்தது. "வந்துருச்சுல்ல?"

பாய் முக்காலியில் உட்கார்ந்தார். நான் பார்த்தது அவர் காலைத்தான். அது ஆடாமல் இருந்தது.

"இதுல என்ன ஊத்தினே?"

"பதநீ. பொன்னுத்தாய் கொண்டாந்தா. சுண்ணாம்புகூடத் தடவாம, சுத்தமான தென்னம்பதநீ."

"சுண்ணாம்பு தடவலேன்னா அது கள்ளு, ஷரீபா."

அக்கா அவரைப் பார்த்தது, கலயத்தைப் பார்த்தது, கடைசியாக என்னைப் பார்த்தது. நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"யா அல்லாஹ்! என் கையாலயா? இந்த வீட்டுக்குள்ளயா?" என்று தலையில் அடித்துக்கொண்டது. "துப்புங்க! தெரிஞ்சுகிட்டே ஏன் முழுங்குனீங்க? துப்புங்கன்றேன்ல!"

அவர் துப்பவில்லை. கையிலிருந்த மிச்சத்தை மட்டும் இலையில் வைத்தார்.

"அங்கயும் இதத்தான் ஊத்துவாங்க. அந்த ஊருல இது வழக்கம்."

"உங்களுக்குத் தெரியுமா? மூணு வருஷமா ஒண்ணு குறையுதுன்னு சொல்லிச் சொல்லி என்னைப் பைத்தியமா அலைய விட்டீங்களே, அது என்னன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நமக்கு அது ஆகாது, விட்டுருன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"ஆகாதுங்கறதுக்காக மட்டும் சொல்லாம இருக்கல."

"பின்ன?"

"இந்த வாசனை வந்தா என்னால இங்க இருக்க முடியாது. வராமலே இருக்கட்டும்னு விட்டேன்."

வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாயைப் பேர் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். "பவுனு, போயி இன்னிக்கு அப்பம் இல்லன்னு சொல்லு," என்றது அக்கா என் முகத்தைப் பார்க்காமல். காற்றில் சாம்பல் விழுந்துவிட்டது என்று பொய் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வந்தேன். நான் வரும்போது பாய் பேசிக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்கடை முதலாளி மகள் பேட்ரிசியா. அவளோடு நிக்காஹ் ஆகியிருக்கிறது. ஒரு பெண்பிள்ளை. பிள்ளைக்கு மூன்று வயதில் பேட்ரிசியா காய்ச்சலில் போய்விட்டாள். இவற்றை அவர் பலசரக்குப் பட்டியல் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அக்கா நின்ற இடத்திலேயே கிடுக்கியோடு நின்றுகொண்டிருந்தது.

"புள்ள பேரு என்ன?"

"ஹாஜிரா."

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"இப்ப எத்தனை வயசு?"

"எட்டு."

"பெத்த புள்ளய விட்டுட்டு எப்படிங்க வந்தீங்க?"

"பேட்ரிசியாவோட அக்கா குடுக்க மாட்டேன்னுட்டா. உனக்கு ஒரு வீடு இருக்கா, புள்ளயப் பாத்துக்க ஒரு பொம்பள இருக்காளா, காட்டு, குடுக்கறேன்னா. கடை மாடியில படுத்துக் கிடந்தவன் எதக் காட்டுவேன்? ஊருக்குப் போயி ஏற்பாடு பண்ணிட்டு வரேன்னுதான் கிளம்பினேன். இங்க வந்ததும் எங்கக்கா உன்னப் பாத்து வெச்சுருச்சு. நிக்காஹ்வுக்கு முன்னாடி சொல்லணும்னு நெனச்சேன். அப்புறம் ஆன பிறகு சொல்லலாம்னு நெனச்சேன். நாள் ஆக ஆக வாயே வரல."

"ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ரயிலடியில போயி நின்னீங்களே, அது அதுக்குத்தானா?"

பாய் அப்பத்தின் மிச்சத்தை இலையால் மடித்து மூடினார்.

அன்றைக்கு அக்கா எட்டுச் சட்டியையும் கொல்லைச் சுவரில் அடித்து உடைத்தது. கலயத்தை உடைத்தது. உரலை மூன்று தடவை கழுவிவிட்டது. அப்பத்தை என்ன செய்வது என்று பாய் கேட்டதற்கு, "பவுனு வீட்டுல ஆகும், அவளே தின்னட்டும்," என்றது. குத்திக்காட்டியதா, நிஜமாகவே கொடுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுத்துக்கொண்டு வந்தேன். கோபத்தோடு கொடுத்ததாக இருந்தாலும் சரி, அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னாலும் தின்றதில்லை, பின்னாலும் தின்றதில்லை. லேசான புளிப்பு, அடியில் இலை கருகின மணம், வாயில் வைத்தால் பஞ்சு. என் வீட்டுக்காரர் நாலு தின்றுவிட்டு, "இதத் தின்னுட்டுத்தான் பாய் அப்படி அலையறாரா," என்றார்.

மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. சுவர் வழியே ஒரு சத்தமும் வரவில்லை. பாய் காலையிலேயே கிளம்பி எங்கேயோ நடந்துவிட்டு இருட்டியபின் வந்தார். ரோஷன் பேகம் கேள்விப்பட்டு ஓடிவந்தார்.

"அட பாவி மகனே, எங்கிட்டகூட மறைச்சுட்டானே! சரி, ஆனது ஆயிப்போச்சு. நீ மனசுல வெச்சுக்காத ஷரீபா. அந்தப் புள்ளய அவங்க சனம் வளக்குது. இவன மட்டும் வெளிய விட்டுறாத. போனான்னா உன் வாழ்க்கை அவ்வளவுதான். அந்தப் பெட்டியை எங்க வீட்டுல கொண்டுபோயி வெச்சுக்கறேன்."

"பெட்டி இருந்த எடத்துலயே இருக்கட்டும் மச்சி," என்றது அக்கா.

ரோஷன் பேகம் போனபிறகு நான் மெதுவாகப் படலைத் தள்ளினேன். அக்கா வெறும் அடுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்க வாய் வருவதற்குள் அதுவே பேச ஆரம்பித்தது.

"மூணு வருஷமா என்ன செஞ்சிருக்கேன் பாரு பவுனு. ருசியக் கொண்டாந்துட்டா இருப்பாங்கன்னு நெனச்சேன். அது வந்தவுடனே போயிருவாங்கன்னு எனக்கு எங்க தெரியும்?"

"போகச் சொல்லாதக்கா. மச்சி சொல்றது நெசம். போனா வரமாட்டாங்க."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ராத்திரியெல்லாம் அதுதான் நெனப்பு. எங்கம்மா நின்ன மாதிரி நானும் நிக்கப்போறேன்னு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டது. "ஆனா இங்க வெச்சுக்கிட்டும் நான் வெச்சுக்கிட்டதா இல்லையே. அந்தப் பெட்டியில இருந்து ஒரு சட்டைய வெளிய எடுக்க வெக்க முடிஞ்சுதா என்னால? அத விடு. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அந்தப் புள்ளைக்கு இப்ப எட்டு வயசு. எங்கத்தா போனப்ப எனக்கும் எட்டு வயசுதான். அது எந்த வாசல்ல நிக்குதோ?"

கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே படலைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

நாலாம் நாள் காலை பாய் வெளியே கிளம்பச் செருப்பை மாட்டும்போது அக்கா வாசற்படியில் குறுக்கே நின்றது. நான் எங்கள் வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு இருந்தேன்.

"அந்தம்மா என்ன கேட்டுச்சுன்னீங்க?"

"யாரு?"

"புள்ளயோட பெரியம்மா. வீடு இருக்கா, பாத்துக்க பொம்பள இருக்காளான்னு கேட்டுச்சுல்ல?"

"ஆமா."

"இப்ப ரெண்டும் இருக்குல்ல. போயிச் சொல்லுங்க."

பாய் ஒற்றைச் செருப்போடு நின்றார். "ஷரீபா..."

"என் பேரச் சொல்லுங்க. ஷரீபான்னு ஒருத்தி திருச்சிராப்பள்ளியில அடுப்ப மூட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, அவ கேக்கறான்னு சொல்லுங்க. நம்பலேன்னா எழுதித் தரேன். பவுனு வீட்டுக்காரருக்கு இங்கிலீஷு நாலெழுத்துத் தெரியும்."

"நான் திரும்பி வருவேன்னு நம்புறியா?"

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டது.

"நம்பல," என்றது. "ஆனா போங்க."

அவர் சந்தென்றும் பார்க்காமல் அழுதார். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நான் ஒருத்திதான் வேடிக்கை பார்க்கிறேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோஷன் பேகம் நோன்பு வருகிற சமயத்திலா என்று கத்தினார். ஐரோப்பாவில் சண்டை, கடலில் குண்டு வைக்கிறான் என்று அவர் கணவர் பஷீர் அகமது பேப்பரைக் காட்டினார். கிழக்கே சண்டை கிடையாது, பினாங்கு வழியாகக் கப்பல் ஒழுங்காகப் போகிறது என்று நாகப்பட்டினத்து ஏஜெண்டு எழுதியிருந்தான். ஆவணி பிறந்து எட்டாம் நாள், என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த அக்காவின் கடிதத்தோடு பாய் புறப்பட்டார். அக்கா ஜங்ஷனுக்கு வந்தது. அங்கே எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அது மட்டும் குழந்தைக்கு என்ன அளவில் பாவாடை தைப்பது, கை எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரிந்தபோது நாலு வயது.

மறுநாளே அடுப்பு எரிந்தது. புதுச் சட்டி, பழைய சோடா. ஊர் வந்து வாங்கிப் போனது. முதல் அப்பத்தைத் தின்று பார்க்க ஆளில்லாததால் அக்கா அதை என்னிடம் கொடுத்தது. "நல்லாருக்கு" என்றேன். வேறு எதையும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"பாய் எங்க?" என்று வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "எங்க பொண்ணக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க." எந்தப் பெண் என்று இழுத்தவர்களுக்கு அப்பத்தைச் சூடாகக் கையில் வைத்துவிடும், பேச முடியாது.

புரட்டாசி போயிற்று. நோன்புப் பெருநாள் வந்து போயிற்று. கடிதம் இல்லை. அக்கா மெலிந்துவிட்டது. தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலுக்கு வரவே வராது. கொட்டகையில் இருந்துகொண்டு, "பவுனு, நீ போயிப் பாரு," என்று என்னை விரட்டும். அது ஏன் என்று எனக்குத் தெரியும். மாவில் இரண்டு தரம் உப்பைப் போடும், கங்கை மறந்து சட்டியைக் கருக்கும். அந்த வீட்டில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது போய், இப்போது அக்காவின் உடம்பே நிலைகொள்ளாமல் ஆனது.

கார்த்திகை மாதம் மழை விட்ட ஒரு பகலில் கடிதம் வந்தது. பஷீர் அகமது கொட்டகைக்கே வந்து படித்தார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா முதலில் கதவைத் திறக்கவில்லை. ஒரு மாதம் வாசலிலேயே போய் நின்றேன். உன் கடிதத்தைப் பாதிரியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தபிறகு குழந்தையை விட்டாள். ஹாஜிரா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். உன் உயரத்தில் பாதி இருக்கிறாள். அத்தா என்கிற சொல் ஒன்றை மறக்காமல் வைத்திருந்தாள். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கிறாள், அம்மா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர் மாதக் கப்பலில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று.

அக்கா மூன்று தடவை படிக்கச் சொன்னது. பிறகு துணிக்கடைக்குப் போய்ப் பாவாடைத் துணி எடுத்தது. தன் இடுப்பில் கைவைத்து, "பாதின்னா இவ்வளவா பவுனு, இவ்வளவா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தது. அந்தப் பதினைந்து நாள்தான் அந்த முகத்தில் நான் நிம்மதியைப் பார்த்தது.

அதற்கப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. மூன்றாவது ஈடு இறங்கிக்கொண்டிருந்தது, வாசலில் இருபது பேர் இருப்பார்கள். பஷீர் அகமது பேப்பரைச் சுருட்டிப் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ரோஷன் பேகம், தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல். ஜப்பான்காரன் சண்டையில் இறங்கிவிட்டான். பினாங்கு, சிங்கப்பூர் பக்கமெல்லாம் குண்டு. மணிலாவிலும் விழுந்திருக்கிறது. கப்பல் எதுவும் நகராது.

வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள். அக்கா கிடுக்கியில் பிடித்திருந்த தகரத் தட்டைக் கங்கோடு அப்படியே வைத்திருந்தது. நான் ஓடிப்போய் அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" ரோஷன் பேகம் நெஞ்சில் அறைந்துகொண்டார். "பெட்டியத் தூக்கிட்டுப் போறேன்னேனே, குடுத்தியா? மூணு வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருந்துட்டு நீயே அனுப்பிட்டியேடி! இங்க இருந்திருந்தா உசுரோட இருந்திருப்பானே என் தம்பி! நீதானே போகச் சொன்னே? சொல்லுடி, நீதானே?"

"நான்தான் மச்சி," என்றது அக்கா.

அக்கா ரோஷன் பேகத்தின் நழுவிய தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டது.

"நான்தான் போகச் சொன்னேன். அவங்க போயிருக்கலேன்னா, அந்தப் புள்ள இந்நேரம் அங்க அத்தா இல்லாம தனியா நின்னிருக்கும்."